லிஸ்னலானா பலகையைக் கழற்றிய கை

அத்தியாயம் 6

ஜார்லத் பெர்ன் மழைக்கோட்டைக் கழற்றியபோதுதான் அட்ராக்டா ஹெனேகனுக்குத் தான் செய்த தப்பு உறைத்தது.

அவருடைய வலது கை, விரல்களிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது.

கில்வார்னாவில் இருப்பது ஒரே ஒரு மளிகைக்கடை. திங்கட்கிழமை காலையில் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். பன்றி இறைச்சி சீவுகிற இயந்திரம் நின்றது. ரொட்டிக்குக் கை நீட்டிய பெண் நீட்டியபடியே இருந்தாள்.

"பலகையைக் கழட்டினது நான்தான்னு இத்தனை பேர் முன்னாடி சொன்னியேம்மா," என்றார் ஜார்லத். "இந்தக் கையால ஸ்பேனர் பிடிக்கறது எப்படின்னு காட்டு. நானும் கத்துக்கறேன். பூட்ஸ் கயிறே எனக்கு என் தங்கச்சி வந்துதான் கட்டி விடறா."

"எப்ப..." அட்ராக்டாவின் குரல் பாதியில் நின்றது.

"கன்னுக்குட்டி உதைச்சுது. பலகை காணாமப் போறதுக்கு முந்தின வாரம். கேட்டிருந்தா வீட்டு வாசல்லயே காட்டியிருப்பேன். நீதான் கேக்கலியே. நேரா கடைக்கு வந்து 'திருடன்'னுட்ட."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஜார்லத் ஒற்றைக் கையால் கோட்டை மாட்ட முயன்றார். ஒரு தோளில் ஏறியது, மற்றதில் நழுவியது. அட்ராக்டா உதவப் போனாள். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார். கோட்டைப் பாதி தொங்கவிட்டபடியே மழைக்குள் இறங்கிப் போனார்.

'மன்னிச்சிடுங்க' என்ற சொல் அவள் வாய்க்குள்ளேயே கிடந்தது.

இருபது வருஷம் போலீஸில் இருந்தவள். வேலையை விட்டுவிட்டு ரோஸ்காமன் நகரத்தில், ஒரு சலூனுக்கு மேலே தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். இப்போது ஒரு பாக்கெட் பால்கூட வாங்காமல் கடையை விட்டு வெளியே வந்தாள்.

காரில் அவளுடைய உதவியாளன் கோல்மன் காத்திருந்தான். மாமாவின் சவ ஊர்தியை ஓட்டிக்கொண்டிருந்தவன். அதில் பேச்சுத்துணை இல்லை என்று அவளிடம் வேலைக்குச் சேர்ந்தவன்.

"பாஸ், ஒரு நல்ல செய்தி இருக்கு."

"என்ன?"

"நம்ம சந்தேகப் பட்டியல்ல ஒரு ஆள் குறைஞ்சாச்சு."

"பட்டியல்ல இருந்ததே ஒரு ஆள்தான் கோல்மன்."

"அப்போ பட்டியலும் மிச்சம்."

"வாயை மூடிட்டு வண்டியை எடு."

"எங்க?"

"கம்பத்துக்கு. முதல்ல பார்க்க வேண்டியதை இப்பவாவது பார்ப்போம்."

* * *

விஷயம் கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். போலீஸ் சிரித்துவிட்டுத்தான் போனது.

கில்வார்னாவைச் சுற்றிப் பழைய இடங்களுக்குக் குறைவில்லை. கூரையில்லாத மடாலயம், பாதி இடிந்த கோட்டைவீடு, புனித ஊற்று. போன வருஷம் ஊரில் ஒரு சுற்றுலாக் கமிட்டி போட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வழிகாட்டும் பழுப்புப் பலகை வைத்தார்கள். மேலே ஐரிஷ், கீழே ஆங்கிலம்.

மற்ற பலகைகளை யாரும் தொடவில்லை. லிஸ்னலானா என்ற வட்ட மண்கோட்டைக்கு வைத்த பலகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வைத்தார்கள், போனது. மறுபடி வைத்தார்கள், மறுபடி போனது. நேற்று மூன்றாவது முறை.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, துப்பறிவாளரை வைப்பதென்று எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவர் மாலக்கி டுய்க்னன் அட்ராக்டாவுக்குப் போன் செய்தார்.

லிஸ்னலானா மேடு ஜார்லத்தின் நிலத்துக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படலைச் சாத்தாமல் போகிறார்கள், மாடு ரோட்டுக்கு வந்துவிடுகிறது என்று அவர் கத்தாத நாளில்லை. போதாததற்கு, மூன்றாவது பலகை போனது ஞாயிறு மத்தியானம், கால்பந்து மேட்ச் நடக்கும்போது. மேட்சுக்குப் போகையில் கோல்மனே பலகையைப் பார்த்தான். திரும்புகையில் வெறும் கம்பம். ஊரே மைதானத்தில் இருந்தது. போகாதவர் ஜார்லத் ஒருவர்தான்.

அதை வைத்துக்கொண்டுதான் அட்ராக்டா கடைக்குள் நுழைந்தாள்.

இப்போது வெறும் கம்பத்தின் கீழே, தலையில் மழை சொட்ட நின்றாள்.

"நட்டைப் பாரு."

கோல்மன் எம்பிப் பார்த்தான். "இருக்கு. நாலும் இருக்கு."

"பலகையைக் கழட்டிட்டு நட்டை மறுபடி அதே இடத்துல முடுக்கியிருக்கான். துருப்பிடிக்காம இருக்க கிரீஸ் வேற."

"மரியாதை தெரிஞ்ச திருடன் பாஸ். அடுத்த பலகை மாட்டறவனுக்குக் கஷ்டம் வேண்டாம்னு நினைச்சிருக்கான். கல்யாணமாகாதவனா இருந்தா எங்க அக்காவுக்குப் பேசி முடிச்சிடலாம்."

"இரண்டாவது பலகையும் இப்படித்தானே போச்சு?"

"அதே மாதிரி. நட்டு, கிரீஸ், எல்லாம்."

"முதல் பலகை?"

கோல்மன் யோசித்தான். முதல் பலகை மரக்கம்பத்தில் இருந்தது. கமிட்டி எடுத்த படத்தைக் காரிலிருந்து கொண்டுவந்தான். கம்பத்தை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். நேராகக்கூட அறுக்கவில்லை. ஒரு பக்கம் தொடங்கி, கோணலாகி, மறுபக்கத்திலிருந்து மறுபடி தொடங்கி, கடைசியில் முறித்து இழுத்த மாதிரி இருந்தது.

"அன்னைக்குத் திருடன் குடிச்சிருந்தான்," என்றான் கோல்மன்.

"அறுக்கறதுக்கு முந்தி எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. கம்பம் முழுசாக நின்றது. ஆனால் பலகையில், மேலே இருந்த ஐரிஷ் எழுத்தில் கடைசிச் சொல் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. லிஸ் நா என்பது மிச்சம். லானா என்ற சொல் இருந்த இடத்தில் வெள்ளைக் கீறல்கள்.

"லானான்னா?" என்றாள் அட்ராக்டா. பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"இது தெரியாதா? பீர்! லிஸ் நா லானா, பீர்க் கோட்டை. பலகை எழுதற ஆபீஸ்ல யாரோ ஊர்ப்பேரை ஐரிஷ்ல பிரிச்சு எழுதிக் குடுத்தாங்க. அதுல பிறந்ததுதானே அடுத்த மாசத் திருவிழா. மேட்டு மேலயே பந்தல், பீப்பாய், சின்னப் பசங்க குதிக்கறதுக்குக் காத்தடிச்ச கோட்டை. கோட்டைக்குள்ள கோட்டை பாஸ்!"

"ஒருத்தன் பலகையைத் திருடறதுக்கு முன்னாடி அதுல ஒரே ஒரு சொல்லைச் சுரண்டறான். ஏன்?"

"குடியை வெறுக்கறவன். இல்லைன்னா எழுத்துப் பிழையைப் பொறுக்காத வாத்தியார்."

அட்ராக்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்ன?"

"எழுத்துப் பிழை..."

"கோல்மன், சில சமயம் நீ பேசறதுக்குக்கூட அர்த்தம் இருக்கு. வா, தலைவர் வீட்டுக்குப் போவோம். கடையில நடந்தது அவர் காதுக்குப் போறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்."

* * *

அதற்குள் செய்தி போய்விட்டிருந்தது.

"ஜார்லத் பாவம்மா," என்று மாலக்கி டுய்க்னன் கதவைத் திறக்கும்போதே சொன்னார். எழுபதை நெருங்கிய மனிதர். உயரமானவர், லேசாகக் கூன் விழுந்தவர். "அவனைச் சொல்லியிருக்க வேண்டாம்."

"எனக்கு அவமானமா இருக்கு சார்."

"உனக்கு எதுக்கு?" என்றவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வா, உள்ள வா. கான்செப்டா, டீ போடு."

அவர் மனைவி கான்செப்டா ஏற்கெனவே தேநீர்க் கெண்டியைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். சோடா ரொட்டியைத் தடித்தடியாக வெட்டி வெண்ணெய் தடவி வைத்தாள். அதிகம் பேசமாட்டாள். இன்னும் ஐரிஷ் பேசுகிற கொனமாராக் கடற்கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அந்தப் பேச்சு இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள்.

மௌனத்தை உடைக்கக் கோல்மனுக்குத் தெரிந்த ஒரே வழி கால்பந்து.

"நேத்து மேட்ச் எப்படி சார்? டிக்கெட் வாசல்ல உங்களைப் பார்த்தேன். அப்புறம் காணோமே?"

"அந்தக் கோடியில நின்னேன் தம்பி. என்ன ஒரு கோல்! கோனோர் ஹான்லி வாழ்க்கையில இதைவிட நல்ல கோல் அடிக்கப் போறதில்ல. மூலையில இருந்து, இடது காலால!"

"அதைச் சொல்லுங்க!" என்றான் கோல்மன், வாய் நிறைய ரொட்டியோடு.

அட்ராக்டா சுரண்டிய சொல்லைப் பற்றிக் கேட்டாள். மாலக்கி தலையசைத்தார். தனக்கு ஐரிஷ் அவ்வளவாக வராது, யாராவது விடலைகள் செய்திருப்பார்கள் என்றார். கான்செப்டா கெண்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கெண்டி நிறையத் தேநீர் இருந்தது.

* * *

இந்தமுறை அட்ராக்டாவே ஓட்டினாள். கார் தெருமுனை தாண்டியது.

"பாவம், வயசாகுது," என்றான் கோல்மன்.

"யாருக்கு?"

"மாலக்கிக்கு. கோல் அடிச்சது கோனோர் இல்ல, தம்பி எமெட். அவன் சட்டை கிழிஞ்சு ரத்தமாயிடுச்சு. அண்ணன்காரன் கணுக்கால் சுளுக்கி வெளியில உக்காந்திருந்தான். அவனோட சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டு இறங்கினான். மைதானம் முழுக்க ஒரே சிரிப்பு. சட்டை அவனுக்கு முட்டி வரைக்கும் தொங்குது. அதைப் பார்த்தவன் எவனும் கோனோர்னு சொல்ல மாட்டான்."

"அப்போ யார் கோனோர்னு சொல்லுவான்?"

"ரேடியோக்காரன் மட்டும்தான். முதுகுல இருந்த நம்பரைப் பார்த்துட்டு கோனோர், கோனோர்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கான். நேத்தி சாயங்காலம் மதுக்கடைல அதையே சொல்லிச் சொல்லி..."

கோல்மன் நிறுத்தினான்.

அட்ராக்டா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தட்டினாள். "மேட்சைப் பார்க்கல! கேட்டிருக்கார்! கார்ல உக்காந்து, ஸ்பேனரும் கையுமா!"

"பாஸ், நம்மளை வேலைக்கு வச்சதே அவர்தான்."

"அதான் அழகு!"

குறுகலான ரோட்டில், இரண்டு பக்கமும் வேலி உரச, காரைத் திருப்பினாள். கடையில் பட்ட அவமானத்துக்கெல்லாம் இது ஈடு என்று அவளுக்குத் தோன்றியது. உதட்டில் சிரிப்பு வந்தது.

* * *

மாலக்கி வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கொட்டகையில் இருந்தார். அவர்கள் வருவதைப் பார்த்ததும் ஓடவில்லை. ஒளிக்கவும் இல்லை.

"கோனோர் கோல் அடிக்கல சார்," என்றாள் அட்ராக்டா.

அவர் கையிலிருந்த கவைக்கோலைச் சுவரில் சாய்த்தார். பிறகு வைக்கோலை விலக்கினார். உள்ளே இரண்டு பழுப்புப் பலகைகள். சுத்தமான சாக்கில் சுற்றி, எழுத்து தெரியாதபடி குப்புற வைத்திருந்தார்.

"திருப்பிக் குடுத்துடுவேன். கீறல்கூட விழாம பார்த்துக்கிட்டேன்."

"ஏன் சார்? நீங்கதானே தலைவர். வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது?"

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. மாலக்கி ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"கல்யாணமான புதுசு. எங்களுக்கு முதல் குழந்தை. பிறக்கும்போதே மூச்சு இல்ல. ஞானஸ்நானம் வாங்காத குழந்தைக்குக் கோயில் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. அப்பல்லாம் அதுதான் வழக்கம், யாரும் எதிர்த்துப் பேசினதில்ல. அப்பன்காரன் எடுத்துட்டுப் போகணும். தனியா, இருட்டினப்புறம். எங்க வைக்கறதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் தெரியும்."

அட்ராக்டாவின் சிரிப்பு எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆரஞ்சுப் பழம் வர்ற மரப்பெட்டி ஒண்ணு இருந்தது. அதுல வச்சு, சைக்கிள்ல கட்டிக்கிட்டு, லிஸ்னலானாவுக்குப் போனேன். என் பொண்ணு மட்டும் இல்ல அங்க. அந்த வட்டத்துக்குள்ள எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. தலைமாட்டுக்கு ஒண்ணு, கால்மாட்டுக்கு ஒண்ணு, சின்னச் சின்னக் கல்லு. பார்க்கறவனுக்குச் சாதாரணக் கல்லு."

கோல்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கமிட்டில இந்த இடத்தைச் சேர்க்கறோம்னாங்க. வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். 'ஏன்?'னு கேட்டா என்ன பதில் சொல்றது? கான்செப்டாவுக்கு எங்க வச்சேன்னே நான் சொன்னதில்ல. அவ கேட்டதும் இல்ல. அந்த வாரத்துல இருந்து இன்னைய வரைக்கும் வீட்டுல அதைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. அவளுக்குத் தெரியாததை ஊருக்கு நடுவுல எப்படிச் சொல்லுவேன்?" அவர் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் பீர்க் கோட்டைன்னு வந்தது. எல்லாரும் சிரிச்சாங்க. திருவிழா வைப்போம், குழந்தைங்க குதிக்கறதுக்கு ஏற்பாடு பண்ணுவோம்னாங்க. நானும் சிரிச்சேன், அட்ராக்டா. தலைவர் நாற்காலில உக்காந்துக்கிட்டு நானும் சிரிச்சேன்."

அட்ராக்டா வளர்ந்தது பக்கத்து ஊரில். சின்ன வயதில் அந்த மேட்டுப் பக்கம் ஓடினால் அம்மா காதைத் திருகுவாள். 'பேய் இருக்கு, தூக்கிட்டுப் போயிடும்.' மற்ற மேடுகளில் விளையாட விடுகிற அம்மா, இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஊர் ஊராகப் போய்த் துருவித் துருவிக் கேட்கிறவள் அவள். சற்று முன் ஸ்டியரிங்கைத் தட்டியதை நினைத்தபோது உடம்பு கூசியது.

"நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம் சார்," என்றான் கோல்மன். "துப்பு கிடைக்கலன்னு சொல்லிடறோம். எங்களுக்கு அது பழக்கம்தான்."

மாலக்கி நிமிர்ந்து பார்த்தார். "நான் எடுத்தது ரெண்டுதான். அதையும் சொல்லிடறேன். முதல் பலகை நானில்ல."

"என்ன?"

"யாரோ அறுத்துட்டுப் போயிட்டாங்க. விடலைப் பசங்கன்னு நினைச்சேன். அதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது."

அட்ராக்டா அசையாமல் நின்றாள். நேராக முடுக்கிய நட்டு. கோணல்மாணலாக அறுத்த கம்பம். முதலிலிருந்தே இரண்டு கைகள்.

"சார், அந்த மேட்டோட பழைய பேர் என்ன? சின்ன வயசுல பெரியவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"லிஸ்னலானாதான். பெரியவங்க கடைசியில கொஞ்சம் இழுத்துச் சொல்லுவாங்க. லானவ்னு கேக்கும்."

"லானவ்னா ஐரிஷ்ல என்ன?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"உங்க வீட்டுல யாருக்குத் தெரியும்?"

மாலக்கியின் முகம் வெளுத்தது.

"குழந்தை."

குரல் கொட்டகை வாசலிலிருந்து வந்தது. கான்செப்டா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தலைமுடி முழுக்க நனைந்திருந்தது.

"லிஸ் நா லானவ்னா குழந்தைங்க கோட்டை," என்றாள். "பீர்னு எழுதியிருந்தாங்க. என் புள்ள படுத்திருக்கற இடத்துக்குப் பீர்னு பேர் எழுதி அம்புக்குறி போட்டிருந்தாங்க. ரொட்டிக் கத்தியால சுரண்டிப் பார்த்தேன். மனசு ஆறல. இந்தக் கொட்டகையில இருந்துதான் ரம்பத்தை எடுத்துட்டுப் போனேன். அறுக்கத் தெரியல. தெரிஞ்ச மட்டும் அறுத்தேன். பலகை கோழிக்கூட்டுக்கு அடியில கிடக்கு."

"உனக்கு..." மாலக்கி எழ முயன்று மறுபடி உட்கார்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மாடி ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு? அன்னைக்கு ஜுரம்தான் எனக்கு. கண்ணு தெரியாம போகல. உங்க சைக்கிள் விளக்கு மேட்டுல ஏறிச்சு. ரொம்ப நேரம் அங்கேயே நின்னுச்சு. அப்புறம் இறங்கிச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கான்செப்டா?"

"வந்து பூட்ஸைக் கழட்டிட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டீங்க. சொல்ல வெக்கப்படறீங்கன்னு நினைச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் எனக்கே வெக்கமாயிடுச்சு. செத்த புள்ளையைப் பெத்தவ, அதைப் பத்திப் பேசிட்டே இருக்கான்னு ஆயிடுமோன்னு."

"நீ அங்க போவியா?"

"கறுப்பு பெர்ரி பறிக்கப் போறேன்னு சொல்லுவேனே. ஒரு வருஷமாவது கூடை நிறைஞ்சு பார்த்திருக்கீங்களா?"

மாலக்கி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர் அழுதது சத்தமே இல்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கியது. கான்செப்டா வந்து அந்த வைக்கோல் கட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

"அவளுக்குப் பேர் வச்சேன்," என்றாள். "உங்ககிட்ட சொல்லல. ஞானஸ்நானம் இல்லாததுக்குப் பேர் எதுக்கும்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"என்ன பேர்?"

"மெல்லா."

அவர் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

அட்ராக்டா கோல்மனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். கார் வரைக்கும் கோல்மன் எதுவும் பேசவில்லை. அவள் அவனோடு வேலை செய்த காலத்தில் அது நடந்ததே இல்லை.

* * *

வியாழக்கிழமை சாயங்காலம் பங்குக் கூடத்தில் கமிட்டி கூடியது. துப்பறிவாளர் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு, கமிட்டியில் இல்லாதவர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். கடைசி வரிசையில் ஜார்லத் பெர்ன், மாவுக்கட்டோடு.

அட்ராக்டா எழுந்தாள்.

"பலகையை எடுத்தவங்க யாருன்னு அவங்களே சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. ஜார்லத் பெர்ன் திருடன்னு இந்த ஊருக்கு முன்னாடி சொன்னேன். விசாரிக்காம சொன்னேன். மேட்சுக்கு வராதவர், சிடுசிடுன்னு பேசறவர், அவர்தான் இருக்கும்னு நினைச்சேன். தப்பு என்னுது. எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்பு கேக்கறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜார்லத் தொண்டையைச் செருமினார்.

"சரி, உக்காரும்மா," என்றார். "கைதட்டலாம், ஆனா ஒரு கைதான் இருக்கு."

சிரிப்பு எழுந்தது. அவள் காது சிவந்தது. ஆனாலும் உட்கார்ந்தபோது மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

பிறகு மாலக்கி எழுந்தார். கையில் எதுவுமில்லை. "நான்..." என்றார். மேஜையைப் பிடித்துக்கொண்டார். "லிஸ்னலானா..." என்றார். அதற்குமேல் வரவில்லை. கூடம் காத்திருந்தது. அவர் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துகொண்டே வந்தது. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற அந்த உயரமான மனிதர், தப்பு செய்துவிட்டு வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தார்.

முன்வரிசையிலிருந்து கான்செப்டா எழுந்தாள். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க பொண்ணு பேர் மெல்லா," என்றாள். "அவ லிஸ்னலானாவுல இருக்கா. இவர்தான் கொண்டு போய் வச்சார். பலகையை முதல்ல அறுத்தது நான். மீதி ரெண்டு இவர். மூணையும் வெளியில வண்டியில கொண்டு வந்திருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

இளைஞர்கள் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வயதானவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், தொப்பியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளிலேயே அட்ராக்டாவுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பலகை வைத்தபோதும் தெரியும், பீர் என்று சிரித்தபோதும் தெரியும். அடுத்தவர் சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்திருக்கிறார்கள்.

திருவிழாவுக்குப் பீப்பாய் ஏற்பாடு செய்திருந்த மதுக்கடைக்காரர் எய்மன், "எனக்குச் சத்தியமா தெரியாது," என்றார். அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எனக்குத் தெரியும்டா," என்றாள், அவரைப் பார்க்காமல். "உனக்கு மேல ஒருத்தன் இருந்தான்."

எய்மன் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம். ஜார்லத் எழுந்து நின்றிருந்தார்.

"அந்த மூலையில கலப்பை படக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போனார். ஏன்னு நான் கேக்கல. கேக்காமலே எனக்குத் தெரியும். ஜனங்க வந்து மிதிக்கறாங்கன்னு கோவம் வரும். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, மாடு மாடுன்னு கத்துவேன்." அவர் நிறுத்தினார். கரகரத்த குரல் இன்னும் தாழ்ந்தது. "அங்க எனக்கு ஒரு அண்ணன் இருக்கான், கான்செப்டா. பேர் வைக்கல."

"இப்ப வைங்க," என்றாள் கான்செப்டா.

"இப்பவா?"

"உங்களை விட்டா யார் இருக்கா வைக்கறதுக்கு?"

ஜார்லத் உட்காரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கூரையை அண்ணாந்து பார்த்தபடி, உதடு அசைய, ஒவ்வொரு பெயராக யோசிக்க ஆரம்பித்தார்.